எலிகளுக்கும் ஓர் அட்டை

வேங்கிக்கால்,
12.3.2004

அன்புள்ள தம்பி வீரேந்திரனுக்கு,

ஜெய ஜினேந்திரா. உடம்பு எப்படி இருக்கிறது? ஹைதராபாத்தில் இப்போதே வெயில் கொளுத்துகிறது என்று பேப்பரில் பார்த்தேன். இங்கே நானும் உன் மாமாவும் சௌக்கியம். அப்பாவைப் பற்றி நீ கேட்கமாட்டாய், அதனால் நானே சொல்கிறேன்.

போன மாதம் பக்கத்துத் தெரு ராஜேந்திரன் மனைக்கு அப்பா ஒரு கிரயப் பத்திரம் எழுதினார். சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ் வாசலில் நாற்பது வருஷம் உட்கார்ந்து எழுதிய கை. இந்தத் தடவை மனைக்கு நான்கு எல்லையும் 'ராஜேந்திரன் மனை' என்றே எழுதிவிட்டார். ராஜேந்திரன் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து காட்டினான். "இன்னாக்கா, என் மனைக்கு நாலு பக்கமும் நானே காவலா?" நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வேலூருக்குக் கூட்டிப்போனோம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சொன்ன பெயரைக் கேட்டதும் எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது. அல்சைமர். நீ ஆறு வருஷமாக மருந்து தேடிக்கொண்டிருக்கிற அதே நோய். போன மே மாதம் அப்பாவும் நீயும் சண்டை போட்டதும் அந்த மருந்தை வைத்துத்தான். இப்போது யாரைப் பார்த்துச் சிரிப்பது, யாரைப் பார்த்து அழுவது என்று தெரியவில்லை.

உன்னிடம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அனுப்பு. வீட்டுக்கு எழுதாதே, போனும் பண்ணாதே. போன் அப்பா கட்டில் பக்கத்தில்தான் இருக்கிறது, மணி அடித்தால் அவர்தான் எடுக்கிறார். நான் வேலை நடுவே இதை எழுதுகிற கலெக்டர் ஆபீஸ் விலாசத்துக்கே எழுது, என் கைக்கு வந்துவிடும்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
சுனந்தா

---

ஹைதராபாத்,
24.3.2004

அன்புள்ள அக்கா,

ஜெய ஜினேந்திரா. நலம், உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். உன் கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். படித்தபின் அன்றைக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

டாக்டர் எழுதித் தந்த மாத்திரையைத் தவறாமல் கொடு. மூளையில் செய்தி கொண்டுபோகும் ஒரு ரசாயனம் சீக்கிரம் அழிந்துபோகாமல் அது பார்த்துக்கொள்ளும். அது செய்வது அந்த ஒரு வேலைதான். நோயோ ஒரே வழியாக வருவதில்லை. ஒருபக்கம் புரதம் கட்டிகட்டியாகத் தேங்குகிறது. இன்னொரு பக்கம் செம்பும் இரும்பும் சேரக்கூடாத இடத்தில் சேர்ந்து செல்களைக் கெடுக்கின்றன. ஒரே மருந்து இத்தனை வேலையும் செய்யவேண்டும் என்பதுதான் எங்கள் முயற்சி. வேறு வேறு வேலை தெரிந்த இரண்டு மூலக்கூறுகளை நடுவில் ஒரு கரிமச் சங்கிலி போட்டு ஒன்றாக்குகிறோம். சங்கிலியில் ஆறு கரி அணு வைத்தால் எட்டவில்லை, எட்டு வைத்தால் தொளதொளவென்று இருக்கிறது. ஏழு வைத்தது நன்றாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு எங்கள் நோட்டில் நாற்பத்தேழு என்று நம்பர். ஆனால் அது மனிதர் வாய்க்கு வர இன்னும் பத்து வருஷமாவது ஆகும். அப்பாவுக்கு அனுப்பு என்று தயவுசெய்து இனிமேல் கேட்காதே.

அந்தச் சண்டையை நீ சமையலறையிலிருந்து பாதிதான் கேட்டிருப்பாய். நான் பெருமையாக எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தேன். எலிக்கு ஊசி போட்டு மறதி உண்டாக்கி, மருந்து கொடுத்து, தண்ணீர்த் தொட்டியில் வழி கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்போம் என்றேன். அப்பா கேட்டார், "அப்புறம் அந்த எலிங்க இன்னா ஆவும்?" மூளையை எடுத்துப் பார்க்கவேண்டும் என்றேன். "எத்தினி?" ஒரு சுற்றுக்கு முப்பது, நாற்பது என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். என் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பை அவர் வாங்கிக் கீழே வைத்தார். "அந்தக் கையால இந்த வீட்டுல தண்ணி கூட எடுக்காத. அந்த வேலைய உட்டுட்டு வா." அப்படியே செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பியவன்தான்.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
வீரு

---

வேங்கிக்கால்,
30.4.2004

அன்புள்ள தம்பிக்கு,

ஜெய ஜினேந்திரா. நாங்கள் நலம். நீ சமையலுக்கு ஆள் வைத்திருக்கிறாயா, இன்னும் ரொட்டியும் வாழைப்பழமும்தானா?

மாத்திரை ஆரம்பித்தாயிற்று. முதல் வாரம் வாந்தி எடுத்தார், இப்போது பரவாயில்லை. பகலில் பார்த்துக்கொள்ள சரசு வருகிறாள். போன வாரம் மறுபடியும் வேலூர். டாக்டர் ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார். இன்றைக்கு என்ன தேதி? அப்பாவுக்குத் தெரியவில்லை. என்ன மாதம்? தெரியவில்லை. எந்த வருஷம்? "எழுபத்தொம்பது" என்றார். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே பூஜ்யம் பூஜ்யமாகப் போட்டார். அது முடிந்ததும் நர்ஸ் ஆசையாக ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். "வாணாம்மா, இன்னிக்கி அஷ்டமி, ஒருவேளதான்" என்றார் அப்பா. வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். அஷ்டமியேதான்! கேள்வித்தாளில் அதற்கு மார்க் இல்லை. நீ பெரிய ஆராய்ச்சிக்காரன், இதையும் சேர்க்கச் சொல்லி யாருக்காவது எழுதிப் போடு.

இப்போது முக்கியமான விஷயம். நேற்று சாயங்காலம் வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார், "வீரு இன்னும் வரலியா? ஸ்கூல் உட்டு நேரமாச்சே." சண்டை அவருக்கு ஞாபகமே இல்லை, தம்பி. அது துடைத்துவிட்டது போலப் போய்விட்டது. இதுதான் நேரம். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா. உன்னை அடையாளம் தெரிகிற நாள் இன்னும் எத்தனை பாக்கி இருக்கிறதோ யாருக்குத் தெரியும்?

டிக்கெட் போட்டுவிட்டு எழுது.

அக்கா,
சுனந்தா

---

ஹைதராபாத்,
15.5.2004

அன்புள்ள அக்கா,

ஜெய ஜினேந்திரா. நலமே. அப்பாவின் வாந்தி நின்றது கேட்டு ஆறுதல். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடு.

நான் வரவில்லை. கோபப்படாமல் படி. வரக்கூடாது என்று சொன்ன அப்பா இப்போது அதை மறந்துவிட்டார் என்பதால் நான் உள்ளே நுழைந்தால், வீட்டுக்காரர் தூங்கும்போது கொல்லைக்கதவைத் தள்ளிக்கொண்டு வருவது போலத்தான். அவர் ஒன்று சொன்னால் யோசித்துச் சொல்கிறவர். வேலையை விட்டுவிட்டு வா என்றார். நான் விடவில்லை. நேற்றுகூட விலங்கு அறையில்தான் இருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் செய்கிற மருந்து என்றைக்காவது பலித்தால், அது அப்பா மாதிரி ஒருவருக்கு மறந்ததையெல்லாம் திருப்பித் தரும். முதலில் ஞாபகம் வருவது அந்தச் சொம்பாக இருந்தால்? அவருடைய மறதி எனக்குச் சௌகரியம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் அக்கா. நினைத்த மாத்திரத்தில் என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்துவிட்டது.

நாற்பத்தேழு நன்றாகப் போகிறது. தொட்டியில் எலிகள் வேகமாகக் கரை சேர்கின்றன. எல்லோருக்கும் என் அன்பு.

வீரு

---

வேங்கிக்கால்,
19.7.2004

வீரேந்திரனுக்கு,

நலம். இரண்டு மாதமாக நான் எழுதாததற்குக் காரணம் கோபம்தான், வேறு வேலை எதுவும் இல்லை. கொல்லைக்கதவாம், சௌகரியமாம். ஒன்பதாவது படிக்கும்போது லேபிலிருந்து எதையோ கொண்டுவந்து அப்பா வேட்டியெல்லாம் ஊதா ஆக்கினாயே, அன்றைக்கும் இப்படித்தான், அவர் திட்டுவதற்கு முன்னாலேயே உனக்கு நீயே தண்டனை கொடுத்துக்கொண்டு மூலையில் போய் நின்றாய்.

நான் செய்ததைச் சொல்கிறேன், கேள். அப்பா சின்ன வயசிலிருந்து பொழுது சாய்ந்தபின் வாயில் பருக்கை வைத்ததில்லை. உனக்குத் தெரியும். இப்போது சாப்பிட்டது அவருக்கு மறந்துவிடுகிறது. போன மாதம் ஒருநாள் விளக்கு வைத்த பிறகு, "எனக்குச் சோறு போடலியே, எல்லாரும் சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். பொழுது போய்விட்டது அப்பா என்றேன். தலையாட்டினார். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் கேட்டார். ஏழாவது தடவை அழுதுகொண்டே கேட்டார். ஜன்னலைச் சாத்தி, டியூப்லைட்டைப் போட்டு, விடிந்துவிட்டது அப்பா என்று சொல்லித் தயிர்சோறு பிசைந்து கொடுத்தேன். வயிறாரச் சாப்பிட்டார். அதற்குப் பிறகும் பலநாள் கொடுத்திருக்கிறேன்.

அறுபது வருஷ விரதத்தை உடைத்தது என் கை. எலியைக் கொன்றது உன் கை. நான் இதே கையால் தினமும் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறேன். நீ மட்டும் அங்கே சுத்தமாக நின்றுகொண்டிரு.

போன வாரம் என்னை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உன் பெயரை இன்னும் சரியாகச் சொல்கிறார்.

சுனந்தா

---

ஹைதராபாத்,
21.8.2004

அன்புள்ள அக்கா,

ஜெய ஜினேந்திரா. நான் நலம். நீ செய்ததில் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

லேபில் வேலை அதிகம். நாற்பத்தேழு நன்றாகப் போகிறது. பிறகு விவரமாக எழுதுகிறேன்.

வீரு

---

வேங்கிக்கால்,
4.10.2004

அன்புள்ள தம்பிக்கு,

ஜெய ஜினேந்திரா. நாங்கள் சௌக்கியம். இங்கே நல்ல மழை. உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அதிலிருந்தே தெரிகிறது.

நம் சமணக் கோயிலில் பத்து நாள் தசலட்சண விழா நல்லபடியாக முடிந்தது. அது முடிந்ததும் அப்பா சொந்தக்காரர் எல்லோருக்கும் மன்னிப்பு அட்டை போடுவாரே, 'தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழை பொறுக்க' என்று? எல்லாவற்றையும் மறந்தவருக்கு அது மட்டும் மறக்கவில்லை. காலையில் எழுந்ததும், "கார்டு வாங்கியாந்தியா?" என்றுதான் கேட்டார். போன வருஷம் எல்லோருக்கும் போட்டார், உனக்கு மட்டும் போடவில்லை. நீயும் அவருக்குப் போடவில்லை. நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

இந்த வருஷம் முதல் அட்டையே உனக்குத்தான். விலாசத்தை என்னிடம் கேட்டு எழுதினார். 29-ஆம் தேதி நானே தபால் பெட்டியில் போட்டேன். வந்ததா? வந்ததா என்று மட்டும் உடனே எழுது.

அக்கா,
சுனந்தா

---

ஹைதராபாத்,
18.10.2004

அன்புள்ள அக்கா,

ஜெய ஜினேந்திரா. அட்டை வந்தது. அந்த முத்து முத்தான எழுத்தைப் பார்த்ததும் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டு அம்மா ஓடிவந்து, ஊரில் யாருக்காவது ஏதாவதா என்று கேட்டார்.

ஆனால் அக்கா, அதில் இருப்பது எல்லோருக்கும் எழுதுகிற அந்த இரண்டு வரிதான். நான் என்ன செய்தேன், அவர் என்ன சொன்னார் என்று தெரிந்து எழுதியது இல்லை. மறந்துபோனதை எப்படி ஒருவர் மன்னிக்க முடியும்? ஆசையாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். எனக்கென்று எழுதியது என்று சொல்லிக்கொள்ளத்தான் முடியவில்லை.

உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேன். நாற்பத்தேழு ஜூலையிலேயே போய்விட்டது. தொட்டியில் ஜோராகத்தான் நீந்தின. ஒரு மாதம் தொடர்ந்து கொடுத்ததும் எல்லாவற்றுக்கும் கல்லீரல் கெட்டுவிட்டது. ஒரே மருந்து மூன்று வேலை செய்யவேண்டும் என்று பார்த்தோம், யாரும் கேட்காத நான்காவது வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டது. முப்பத்தாறு எலிகள். அத்தனையையும் முடிக்கவேண்டியிருந்தது. அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். மருந்தாவது கிடைத்திருந்தால் அப்பா முன்னால் வந்து நின்று, பாருங்கள், இதற்காகத்தான் என்று சொல்லியிருப்பேன். இப்போது எதைச் சொல்வது? அவை சும்மா செத்துப்போயின.

இந்த வருஷமும் நான் யாருக்கும் அட்டை போடவில்லை. எந்த முகத்தோடு வருவது?

வீரு

---

வேங்கிக்கால்,
27.10.2004

அன்புள்ள தம்பிக்கு,

ஜெய ஜினேந்திரா. எல்லோரும் நலம். உன் கடிதத்தை ஆபீசில் படித்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போய் அழுதேன். பொய் சொன்னதற்கு உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் ஒன்றை மறைத்துவிட்டேன்.

அப்பா உனக்கு எழுதியது ஒரு அட்டை இல்லை, பதினொன்று. முதல் நாள் எழுதியது மறுநாள் மறந்துவிட்டது. "வீருக்குப் போடலியே" என்று மறுபடியும் எழுதினார். அதற்கு அடுத்த நாளும். வாங்கிய கட்டு தீர்கிறவரை தினம் ஒன்று எழுதி, ஆபீஸ் கிளம்பும்போது என் கையில் கொடுத்துவிடுவார். இரண்டாவதைப் படித்தேன், வார்த்தைக்கு வார்த்தை முதலாவது மாதிரியே இருந்தது. அதை அனுப்பினால் நீ என்ன நினைப்பாய்? எழுதியதே ஞாபகம் இல்லாதவர் எழுதியதற்கு என்ன அர்த்தம் என்று தள்ளிவிடுவாய். அந்த ஒரு அட்டையின் சந்தோஷமாவது உனக்கு இருக்கட்டும் என்று மற்றதையெல்லாம் படிக்காமலே மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். கெட்டிக்காரி என்று நினைப்பு. நீயோ அந்த ஒன்றையும் தள்ளிவிட்டாய்.

நேற்று டிராயரைத் திறந்து பத்தையும் வரிசையாக வைத்துப் படித்தேன். ஒன்பது ஒரே மாதிரி. ஒன்று மட்டும் பொடி எழுத்தில் விலாசப் பக்கம் வரை ஓடியிருக்கிறது. அதில் சரசுவின் கையெழுத்தும் இருந்தது. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அன்னிக்கு நல்லாத்தான் இருந்தாருக்கா. அஷ்டமி, ஒருவேளதான்னு மத்தியானமே சாப்ட்டு முடிச்சிட்டாரு. அப்புறம் என்னைக் கூப்ட்டு உக்காரவச்சி, 'சாட்சின்னா படிச்சிக் கேட்டுட்டுத்தான் கையெழுத்து போடணும்'னு பூரா படிச்சிக் காட்டுனாரு. எலின்னு வந்ததும் நான் சிரிச்சிட்டேன். 'சிரிக்காத, இது பத்திரம்'னாரு." மறுநாள் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. பழையபடி இரண்டு வரி அட்டைதான்.

பத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். அந்த ஒன்றை மேலே வைத்திருக்கிறேன். வருஷத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறார், அதைப் பார்த்துவிட்டு மற்றதையும் தப்பு என்று சொல்லிவிடாதே. திதி சரி.

அக்கா,
சுனந்தா

---

(இணைப்பு)

1979-ஆம் வருடம் புரட்டாசி மாதம் தேய்பிறை அஷ்டமி அன்று, திருவண்ணாமலை தேரடித் தெருவில் வசிக்கும் தர்மசேன நைனார் குமாரர் ஜினசந்திரன் ஆகிய நான், என் குமாரன் வீரேந்திரனுக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் என்னவென்றால்,

மேற்படி வீரேந்திரன் மறதிக்கு மருந்து செய்கிறான். அதில் எலிகள் சாகின்றன. அதை அவன் மறைக்காமல் சொன்னான். நான் இந்த வீட்டில் தண்ணீர் எடுக்காதே என்றேன். எலியைக் கொல்வது பாவம். பிள்ளையைத் தாகத்தோடு அனுப்பியதும் பாவம். முன்னதைச் சரி என்று நான் இதில் சொல்லவில்லை. பின்னதை இதன்மூலம் ரத்து செய்கிறேன். போன வருடம் அட்டை போடாததையும் அவன் பொறுக்க வேண்டியது.

மேற்படி எலிகளிடம் நான் நேரில் கேட்க வழியில்லை. தினம் பார்க்கிறவன் அவன். என்னைப் போன்றவர்களின் மறதிக்காக அவை சாவதால், எனக்கும் சேர்த்து அவனே அவற்றிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது.

இது என் பூரண சுயநினைவுடன், பிறர் தூண்டுதல் இன்றி எழுதியது. நாளைக்கு நான் இதை மறந்துவிட்டாலும் இது செல்லும். இதில் யாதொரு வில்லங்கமும் கிடையாது.

(ஒப்பம்) ஜினசந்திரன்
சாட்சி: சரசு

---

ஹைதராபாத்,
4.11.2004

அன்புள்ள அக்கா,

ஜெய ஜினேந்திரா. நான் நன்றாக இருக்கிறேன். இந்த வருஷத்தில் முதல்தடவையாக இதைப் பொய் இல்லாமல் எழுதுகிறேன். உனக்கும் மாமாவுக்கும் சரசுவுக்கும் என் நமஸ்காரம். சரசுவிடம் அவள் போட்ட கையெழுத்து மிக முக்கியமானது என்று சொல்.

அப்பாவின் பத்திரத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. 'நாளைக்கு நான் இதை மறந்துவிட்டாலும் இது செல்லும்.' நான் உன்னிடம் கேட்ட கேள்விக்கு நான் கேட்பதற்கு முன்னாலேயே பதில் எழுதி வைத்திருக்கிறார். எழுதியவர் மறந்தால் பத்திரம் செல்லாது என்று ஆகிவிட்டால் ஊரில் யாருக்குத்தான் வீடு இருக்கும்? நாற்பது வருஷம் அந்த வேலையைப் பார்த்தவருக்கு இது தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

நான் வேலையை விடவில்லை. அவரும் விடச் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அதை அப்படியே வாங்கிக்கொள்கிறேன். புதிய சேர்மத்துக்கு நாற்பத்தெட்டு என்று நம்பர் போட்டிருக்கிறோம். இனிமேல் எதுவானாலும் முதலில் கல்லீரல் செல்களைத் தட்டில் வளர்த்து அதில் சோதித்துப் பார்த்து, தேறியதை மட்டும்தான் விலங்கு அறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள். இதை முதலிலேயே செய்திருந்தால் அந்த முப்பத்தாறும் செத்திருக்காது.

நேற்று இரண்டு அட்டை வாங்கினேன். ஒன்று அப்பாவுக்கு. அதைத் தபாலில் போடவில்லை, கையில் கொண்டுவருகிறேன். இன்னொன்றில், எனக்காகவும் ஜினசந்திரன் என்பவருக்காகவும் பொறுக்கவேண்டும் என்று தமிழில் எழுதி, விலங்கு அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். கூட வேலை செய்கிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஒரு பெண் என்ன இது என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வருகிறேன். காட்பாடியில் இறங்கி பஸ் பிடித்தால் நாலு மணிக்குத் தேரடி. பொழுது சாய்வதற்குள் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடவேண்டும், எனக்கும் சேர்த்து இலை போடு.

ஒரே ஒரு வேண்டுகோள். யார் வந்திருப்பது என்று அப்பா கேட்டால், ஸ்கூல் விட்டு வீரு வந்துவிட்டான் என்று சொல்லிவிடாதே. "எலியச் சாவடிக்கிற வேல பாக்கறானே, அந்தப் புள்ள வந்திருக்கான்" என்று சொல். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் வாசலிலேயே நிற்கிறேன். அந்தக் கையோடு உள்ளே வராதே என்று மறுபடியும் சொன்னாலும் சொல்லட்டும். எடுத்துக் காட்டப் பத்திரம் என்னிடம் இருக்கிறது.

உன் தம்பி,
வீரு